ஃபிர் மரம் இல்லாத வீட்டில் கிறிஸ்துமஸ் மரம்

டிசம்பர் பிறந்ததும் வீட்டு அலங்காரப் படங்களில் விதவிதமான கிறிஸ்துமஸ் மரங்களைப் பார்க்கிறோம். மடக்கு ஏணியை விரித்து வைத்துச் சீரியல் லைட் சுற்றியிருப்பார்கள். மரக்குச்சிகளைப் பெரிதும் சிறிதுமாகக் கயிற்றில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். புத்தகங்களைக் கூம்பாக அடுக்கியிருப்பார்கள். சில வீடுகளில் மரம் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும். பார்க்கிற பலருக்கும் ஒரே எண்ணம்தான் வருகிறது: அசல் மரம் என்று ஒன்று இருக்கிறது, இதெல்லாம் இந்தக் காலத்துப் புதுமை.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தரையில் நிற்கும் ஆளுயரப் பச்சை ஃபிர் மரம் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்), உச்சியில் நட்சத்திரம், அடியில் பரிசுப் பொட்டலங்கள் என்று நம் மனதில் பதிந்திருக்கும் உருவம் கிறிஸ்துமஸ் மரத்தின் நீண்ட கதையில் பிந்தி வந்த ஒரு கட்டம். அதற்கு முன்பும் பின்பும் அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் கைக்கு எட்டியதை வைத்து மரம் செய்திருக்கிறார்கள். பெருவாத்தின் இறகு, சுரங்கத் தொழிலாளி செதுக்கிய மரச்சட்டம், பாத்திரம் செய்கிற உலோகம், பாலைவன முட்செடி, நம் கடற்கரைச் சவுக்கு என்று பட்டியல் நீளமானது. இவற்றில் எது நிலைத்தது, எது வந்த வேகத்தில் போனது என்று கவனித்தால், வீட்டில் எப்படிப்பட்ட மரம் வைக்கலாம் என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கிறது.

தட்டுப்பாட்டோடு தொடங்கிய கதை

கிறிஸ்துமஸ் மரம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அல்சாஸ் பகுதியில் உள்ள செலஸ்தா நகரில் இருக்கிறது. இன்று அது பிரான்ஸ். அன்று ஜெர்மானிய மொழி பேசிய நிலம். அந்த நகரத்தின் 1521-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு வரி வருகிறது: புனித தோமா திருநாளில் மரங்களைக் காவல் காத்ததற்காக வனக்காவலர்களுக்கு 4 ஷில்லிங். அந்தக் காலத்து நாட்காட்டிப்படி அந்தத் திருநாள் டிசம்பர் 21. பண்டிகைக்கு முந்தைய நாட்களில் மக்கள் காட்டுக்குள் புகுந்து வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைத் தடுக்க நகரம் கூலி கொடுத்திருக்கிறது. 1561-இல் பக்கத்து ஊரான அமெர்ஷ்வீரில், ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம்தான், அதுவும் எட்டு காலடி நீளத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடே போட்டுவிட்டார்கள். நமக்குக் கிடைக்கும் முதல் சான்றுகளே மரம் போதவில்லை என்பதைப் பற்றியவை.

1605-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குப் போன ஒருவர், அங்கே வீட்டுக் கூடங்களில் மரத்தை நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், தங்கத்தாள், சர்க்கரைப் பண்டங்கள் தொங்கவிடுகிறார்கள் என்று குறித்திருக்கிறார். மெழுகுவத்தி பற்றி அதில் எதுவும் இல்லை. ஆப்பிளுக்கு மட்டும் தனிக் காரணம் உண்டு. டிசம்பர் 24 பழைய வழக்கப்படி ஆதாம் ஏவாள் நாள். அன்று தேவாலயங்களை ஒட்டி ஏதேன் தோட்ட நாடகம் நடக்கும், அதற்கு விலக்கப்பட்ட கனி தொங்குகிற மரம் ஒன்று மேடையில் வேண்டும். நடுக்குளிர்காலத்தில் ஆப்பிள் மரம் மொட்டையாக நிற்கும். பச்சையாக இருப்பது ஊசியிலை மரம் மட்டுமே. அதனால் ஃபிர் மரத்தை வெட்டி வந்து ஆப்பிளைக் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் மரத்தின் வேர்களில் ஒன்று இந்த நாடகம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், நாம் அசல் என்று நினைக்கும் ஃபிர் மரமே வேறொரு மரத்துக்கு மாற்றாக வந்து நின்றதுதான்.

ஜெர்மனியிலும் எல்லா வீட்டுக்கும் மரம் கிடைத்ததில்லை. கிடைக்காதவர்கள் மரச்சட்டத்தில் கூம்பு செய்து, அதில் பச்சிலைக் கொத்தும் மெழுகுவத்தியும் வைத்தார்கள். செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. வெள்ளியும் தகரமும் எடுத்த சுரங்க ஊர்கள் அவை. சுரங்கங்களில் வருமானம் குறையக் குறைய, சைஃபன் போன்ற ஊர்களின் தொழிலாளர்கள் மரம் செதுக்குவதையும் கடைசல் வேலையையும் பிழைப்பாக எடுத்துக்கொண்டார்கள். பிரமிடு என்று அழைக்கப்படும் அவர்களுடைய கூம்பு இரண்டு, மூன்று தட்டுகள் கொண்டது. நடுவில் ஒரு தண்டு. அதன் உச்சியில் காற்றாடி போலச் சாய்வான மர இதழ்கள். அடித்தட்டைச் சுற்றி மெழுகுவத்திகளை ஏற்றினால் சூடான காற்று மேலே எழுந்து இதழ்களைத் தள்ளும், தண்டு சுழலும், தண்டோடு சேர்ந்து தட்டுகளில் நிற்கும் மேய்ப்பர்களும் வானதூதர்களும் மெதுவாக வலம் வருவார்கள். கூடவே, விளக்கு ஏந்திய சுரங்கத் தொழிலாளியின் பொம்மையும் வரும். தண்டின் அடிமுனை கண்ணாடிக் கிண்ணம் போன்ற ஒன்றின் மேல் உட்காரும். உராய்வு குறைய அந்த ஏற்பாடு. சுரங்கத்தில் குதிரை சுற்றி இழுத்த பாரம்தூக்கி இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய கைகள் செய்த வேலை என்பது அதைப் பார்த்தாலே தெரியும். இன்றும் அந்த ஊர்களில் வீட்டுக்குள் சிறியதும் சந்தைத் திடலில் பெரியதுமாகப் பிரமிடுகள் சுழல்கின்றன.

அமெரிக்காவுக்குப் போன மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர் 1747 கிறிஸ்துமஸில் பென்சில்வேனியாவின் பெத்லகேமில் குழந்தைகளுக்காக வைத்ததும் இதே வகைதான். பச்சைக் குச்சிகளால் ஆன சின்னச் சின்னப் பிரமிடுகள், அவற்றில் மெழுகுவத்தி, ஆப்பிள், அழகாக எழுதிய வசனங்கள். அமெரிக்காவின் முதல் கிறிஸ்துமஸ் மரங்களைத் தேடுபவர்கள் பலமுறை வந்து சேரும் இடம் இது. அங்கே இருந்தது முழு மரமே அல்ல.

இங்கிலாந்தின் கதையும் அப்படித்தான். 1800-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லோட் வின்ட்சரில் வைத்தது ஃபிர் அல்ல, யூ என்ற வேறொரு பசுமை மரம். அவர் பிறந்த ஜெர்மன் நாட்டுப்புறத்தில் யூ கிளையை அலங்கரிக்கும் வழக்கம் இருந்தது. ஃபிர் மரத்தைப் பொதுவழக்காக்கியது 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த படம்: விக்டோரியா அரசி, கணவர் ஆல்பர்ட், குழந்தைகள், நடுவில் மெழுகுவத்திகள் எரியும் மரம். 1850-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அரசியின் கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கி, ஏதோ ஓர் அமெரிக்கக் குடும்பம் போல அதே படத்தை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பரவிய உருவத்தின் பெரும்பகுதி இந்த ஒரு படத்தின் வேலை. அந்தப் படத்திலும் மரம் தரையில் நிற்கவில்லை, மேசை மேல் நிற்கிறது. கூடத்தின் மூலையில் தரையில் ஊன்றிய ஆளுயர மரம் அதற்கும் பிந்தியது.

தலைகீழ் மரமும் கப்பலும்

தலைகீழ் மரம் கடைக்காரர்கள் கண்டுபிடித்த கூத்து என்று நினைப்பவர்கள் தெற்குப் போலந்தைப் பார்க்க வேண்டும். கிராகோவ் சுற்றுவட்டாரத்திலும் மலைக் கிராமங்களிலும், ஸ்ப்ரூஸ் அல்லது ஃபிர் மரத்தின் நுனியை வெட்டி, உச்சி தரையைப் பார்க்கும்படி கூரை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். போட்வாஜ்னிச்கா என்று பெயர். ஆப்பிள், கொட்டைகள், வைக்கோல் நட்சத்திரங்கள், கோயில் அப்பத் தகட்டை வெட்டி ஒட்டிய உருண்டைகள் எல்லாம் அதில் தொங்கும். கிறிஸ்துமஸ் முன்னிரவில் அப்பத்தைப் பிட்டுப் பகிரும் மேசைக்கு நேர் மேலே அது இருக்கும். சிறிய குடியானவர் வீட்டில் தரை முழுக்க ஆட்களுக்கும் வேலைக்கும் வேண்டும். உத்தரம் சும்மா இருந்தது, அதில் கட்டினார்கள். பண்டிகை முடிந்த பிறகு காய்ந்த கிளைத் துண்டுகளை வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும் வைத்தால் நல்லது என்று நம்பினார்கள். ஜெர்மன் வழக்கமான நிற்கும் மரம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியபோதுதான் இது மெல்ல ஒதுங்கியது.

லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் 2016 டிசம்பரில் ஷிராசே ஹூஷியாரி என்ற கலைஞர் தொங்கவிட்ட மரமும் தலைகீழ்தான். எந்த அலங்காரமும் கிடையாது. வேர்களுக்கு மட்டும் தங்கத் தகடு பூசி, அவை மேலே விரிந்து நிற்கும்படி செய்திருந்தார். மண்ணுக்குள் இருப்பதால் நாம் ஒருபோதும் பார்க்காத பகுதியைப் பார்க்க வைத்த அந்த மரம் எனக்கு மிகவும் பிடித்தது. 2000-க்குப் பிறகு கடைகளில் விற்கும் தலைகீழ் பிளாஸ்டிக் மரங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அவற்றில் போலந்து மேசையும் இல்லை, கலைஞரின் பார்வையும் இல்லை. பெரும்பாலானவை கனமான அடிப்பீடத்தில் நிற்பவை; அதனால் இடம்கூட மிச்சமாவதில்லை.

கிரேக்கத் தீவுகளில் பழைய வழக்கம் மரமே அல்ல, சின்ன மரக்கப்பல். கடலோடிகளின் வீடுகளில் அதை விளக்குகளால் அலங்கரித்தார்கள். பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் சிறுவர்கள் கையிலும் கப்பல் இருக்கும். 1830-களில் பவேரியாவிலிருந்து வந்து அரியணை ஏறிய ஓட்டோ மன்னரோடுதான் அங்கே மரம் நுழைந்தது. தெசலோனிக்கி நகரத்தின் அரிஸ்டாட்டில் சதுக்கத்தில் மரத்தோடு விளக்குக் கப்பலும் வைப்பார்கள். கடல் சோறு போடும் ஊரில் கப்பல்தான் வீட்டின் நடுவில் இருக்க வேண்டும் என்று அந்தத் தீவுக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறகு மரம்

செயற்கை மரம் என்றாலே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டது. அதன் முன்னோடி இறகில் செய்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் பண்டிகைக்காக ஸ்ப்ரூஸ் நுனிகளை வெட்டுவது வனத்துக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. நுனிக்குருத்தை வெட்டிவிட்டால் அந்த மரம் நேராக வளராது. மரக்கட்டையாக விற்க உதவாது. அந்த நெருக்கடியில்தான் இறகு மரம் பிறந்தது. ஜெர்மானியக் குடும்பங்கள் மெத்தைக்கும் உணவுக்குமாகப் பெருவாத்து வளர்த்தவை; இறகுக்குப் பஞ்சமே இல்லை.

அதைச் செய்யும் விதம் நுணுக்கமானது. இறகின் நடுத்தண்டிலிருந்து இழைகளை ஒரு பட்டையாக உரிப்பார்கள். அதற்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியைச் சுற்றி நெருக்கமாகச் சுருட்டுவார்கள். இழைகள் நாலாபக்கமும் விறைத்து ஊசியிலை போலவே நிற்கும். அப்படிச் செய்த கிளைகளை ஒரு மரக்கம்பில் துளையிட்டு, அடியில் நீளமும் உச்சியில் குட்டையுமாகச் செருகுவார்கள். கிளை நுனியில் சிவப்புக் காய் போன்ற ஒரு மணி, அல்லது சின்ன மெழுகுவத்தித் தாங்கி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் தாராளமான இடைவெளி விடுவார்கள். கீழ்க்கிளை மெழுகுவத்திச் சுடர் மேல்கிளையைத் தொடக் கூடாதே. கண்ணாடி உருண்டைகள் அந்த இடைவெளியில் எதிலும் இடிக்காமல் தனித்துத் தொங்கும். பழைய கண்ணாடி அலங்காரங்களைச் சேர்ப்பவர்கள் இன்றும் இறகு மரத்தைத் தேடுவது இதனால்தான். குடியேறிய ஜெர்மானியர்களோடு இது அமெரிக்காவுக்கும் போனது. 1913-இல் சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வணிக நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலிலேயே இடம்பிடித்தது.

இதே தர்க்கத்தைக் குவாத்தமாலாவிலும் பார்க்கலாம். அங்கே பினாபெத்தே என்று அழைக்கும் மலை ஃபிர் மரத்தின் மணம் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. முழு மரம் என்று மட்டுமல்ல, கிளைகளை மட்டும் வெட்டி வந்து ஒரு கம்பில் துளையிட்டுச் செருகி மரமாக்கி விற்பதும் அங்கே வழக்கம். காடு அழிந்து அந்த மரம் இன்று பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்த்து முத்திரை பெற்ற மரத்தை மட்டும் வாங்கச் சொல்கிறார்கள். ஆனாலும் காட்டில் திருட்டு வெட்டு தொடர்கிறது. செலஸ்தாவின் 4 ஷில்லிங் காவல் அங்கே இன்னும் முடியவில்லை.

பாத்திர ஊரின் வெள்ளி மரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் மானிடோவாக் என்று ஓர் ஊர். அலுமினியப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்த அலுமினியம் ஸ்பெஷாலிட்டி கம்பெனி 1959-இல் எவர்கிளீம் என்ற பெயரில் அலுமினிய மரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத் தாளை நூலிழை போல நறுக்கி, கம்பியில் முறுக்கிச் செய்த கிளைகள். ஒவ்வொரு கிளையும் கசங்காமல் இருக்கக் காகித உறையில் வரும். வெள்ளி நிற மரத்தூணில் சாய்வாகப் போட்ட துளைகளில் அவற்றைச் செருகினால் மரம் தயார். செய்முறையைக் கவனித்தால் இறகு மரத்தின் அதே கட்டமைப்பு. இறகின் இடத்தில் உலோகம்.

இந்த மரத்தில் மின்விளக்குச் சரம் சுற்றக் கூடாது. எங்காவது ஒயர் உறை கிழிந்திருந்தால் மரம் முழுவதிலும் மின்சாரம் பாயும். அதற்குத் தீர்வாக வந்ததுதான் வண்ணச் சக்கரம். தரையில் ஒரு விளக்கு. அதன் முன்னால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறத் தகடு மெதுவாகச் சுழலும். மரம் முழுக்க நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ராக்கெட்டும் செயற்கைக்கோளும் பேச்சாக இருந்த நாட்களில் அந்த மினுமினுப்பு மக்களைக் கவ்விப் பிடித்தது. பத்து வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

1965 டிசம்பரில் சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவனின் கிறிஸ்துமஸ் படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் பளபளப்பான அலுமினிய மரம் வாங்கச் சொல்லி அனுப்பப்பட்ட சிறுவன், நாலைந்து ஊசியிலைகளோடு தள்ளாடும் ஒரு நிஜ மரத்தைத் தூக்கி வருவான். வணிகமாகிப் போன பண்டிகைக்கு அலுமினிய மரம் அடையாளமாகிவிட்டது. அந்த ஒரு நிகழ்ச்சியே அதை ஒழித்தது என்று சொல்வது மிகை. மோகம் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருக்கலாம். எப்படியோ, 1960-கள் முடிவதற்குள் நாடு முழுக்க அது பரணுக்குப் போனது. ஆனால் மானிடோவாக்கில் அது போகவில்லை. டிசம்பரில் அந்த ஊரின் கடைத்தெருச் சன்னல்களில் பழைய எவர்கிளீம் மரங்களை எடுத்து வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாட்டுக்கு அது ஒரு காலத்து மோகம். அந்த ஊருக்கு அது அப்பாவும் தாத்தாவும் செய்த சாமான்.

அரிசோனாவின் சாண்ட்லர் நகரம் இன்னொரு நல்ல உதாரணம். பாலைவனம் என்பதால் ஃபிர் மரம் கிடையாது. காற்றில் உருண்டு வந்து வேலிகளில் சிக்கும் டம்பிள்வீட் என்ற காய்ந்த முட்செடிப் பந்துகள் ஏராளம். 1957-இலிருந்து அவற்றைச் சேகரித்து, ஒரு கூம்புச் சட்டத்தில் நூற்றுக்கணக்கில் கட்டி, தீப்பிடிக்காத கலவையும் வெள்ளைப் பெயின்டும் ஜிகினாவும் தெளித்து நகர மரமாக வைக்கிறார்கள். பல வீடுகளில் அதே செடிப் பந்துகள் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வாசலில் வைப்பதும் உண்டு. விவசாயிக்குத் தொல்லை தரும் களைதான் அந்த ஊரின் பெருமையாகிவிட்டது.

இதற்கு நேர் எதிர் அனுபவம் 2012-இல் பிரஸ்ஸல்ஸ் நகருக்குக் கிடைத்தது. கிராண்ட் பிளேஸ் சதுக்கத்தில் வழக்கமான மரத்துக்குப் பதில் சுமார் 25 மீட்டர் உயரத்தில் இரும்புச் சட்டமும் ஒளித்திரைகளும் கொண்ட ஒரு கட்டமைப்பை நகராட்சி நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். இஸ்லாமியர் மனம் நோகக் கூடாது என்று மரத்தை எடுத்துவிட்டார்கள் என்ற ஆதாரமற்ற வதந்தி வேறு கிளம்பியது. அதே வருடம் நகரமண்டபத்துக்கு அருகில் வேறு கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் வழக்கம்போல் இருந்தன. அந்தக் கட்டமைப்பு அழகாக இருந்ததா இல்லையா என்பது அவரவர் ரசனை. ஆனால் அந்த ஊரின் வாழ்க்கையிலிருந்து வந்த எதுவும் அதில் இல்லை. சாண்ட்லரின் முட்செடியை யாரும் எதிர்த்து மனுப் போடவில்லை.

நம் கடற்கரையின் மரம்

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் மரத்தைவிட முக்கியமானவை இரண்டு. வாசலில் தொங்கும் நட்சத்திரம், உள்ளே குடில். குடிலின் வரலாறு மரத்தைவிட மூத்தது. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் வைத்த குடிலிலிருந்து அதை எண்ணுகிறார்கள். குடிலுக்குப் பக்கத்தில் மரம் வைக்கும்போது நம்மவர்கள் தேர்ந்தெடுத்தது சவுக்கு. ஃபிர் இல்லாத ஊரில் இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சவுக்குக்கும் ஊசியிலை மரங்களுக்கும் எந்த உறவும் இல்லை. அது பூக்கும் தாவரம். ஒரு நுனியை ஒடித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நாம் இலை என்று நினைப்பது மெல்லிய பச்சைக் குச்சி. அதில் கணுக்கணுவாகக் கோடுகள் தெரியும். இழுத்தால் கணுவில் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாக, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற அளவில் இருப்பவைதான் உண்மையான இலைகள். காயும் அப்படித்தான்: சின்ன மரக்கூம்பு போல இருக்கும், வெள்ளி பெயின்ட் அடித்தால் கடையில் வாங்கிய அலங்காரம் தோற்கும்.

19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகச் சென்னையைச் சுற்றிய கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகின. ரயில் எஞ்சினுக்கும் அந்த விறகு போனது. இன்று அது சாரம் கட்டவும், பந்தல் கால் நடவும், காகிதக் கூழுக்கும் போகிறது. நாலைந்து வருடத்தில் வெட்டிவிட்டு மறுபடி நடுகிற பயிர். அந்த வெட்டில் கழிவாக விழும் நுனிக்கிளைதான் டிசம்பரில் தேவாலய வாசலிலும் சந்தையிலும் கிறிஸ்துமஸ் மரமாக விலைபோகிறது. எந்தக் காட்டுக்கும் இதனால் காவல் போட வேண்டியதில்லை.

இப்போது பல வீடுகளில் சவுக்கின் இடத்துக்குப் பிளாஸ்டிக் மரம் வந்துவிட்டது. மடித்து வைக்கலாம், குப்பை விழாது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் சூழல் கணக்கையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கில், 2 மீட்டர் உயரச் செயற்கை மரம் ஒன்றின் கரியமிலத் தடம், அதாவது அதனால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் அளவு, சுமார் 40 கிலோ. அதே உயர நிஜ மரம் குப்பைமேட்டில் மக்கினால் 16 கிலோ. எரித்தாலோ தூளாக்கி உரமிட்டாலோ 3.5 கிலோ. குப்பைமேட்டில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் வருவதால்தான் அந்த வித்தியாசம். பிளாஸ்டிக் மரத்தைப் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும். சவுக்கு நுனி தோப்பில் எப்படியும் வெட்டுப்படுவது என்பதால் அதன் தடம் இன்னும் குறைவாகவே இருக்கும்.

நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரிலேயே தொட்டியில் விற்பது அரௌகேரியா. பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது. இதில் குக் பைன் என்ற இனத்துக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு: உலகத்தில் எங்கே நட்டாலும் பூமத்தியரேகைப் பக்கமாகச் சாய்ந்து வளரும். 2017-இல் வந்த ஆய்வு இதை அளந்தே காட்டியது. தொட்டியில் இருக்கும் வரை பல வருடம் வீட்டோடு இருக்கும். டிசம்பரில் உள்ளே கொண்டுவந்து அலங்கரித்து, பிறகு வெயில் படும் இடத்துக்கு மாற்றினால் போதும். கனமான எதையும் தொங்கவிடக் கூடாது. கிளை வளைந்தால் அப்படியே நின்றுவிடும்.

வீட்டில் செய்வதென்றால்

சென்னை போன்ற நகரத்தில் சின்ன வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சுவர் மரம்தான் நல்ல வழி. தரையில் இடம் வேண்டாம், குழந்தையோ பூனையோ தள்ளிவிடாது. ஏழு அல்லது ஒன்பது குச்சிகள் போதும். சவுக்குக் குச்சி, முருங்கைக் கிளை, கடற்கரையில் ஒதுங்கிய கட்டை, எது கிடைத்தாலும் சரி. அடியில் ஏறக்குறைய 90 செ.மீ., உச்சியில் 15 செ.மீ. என்று ஒரே அளவில் குறைத்துக்கொண்டே போக வேண்டும். குச்சிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, இரு ஓரங்களிலும் ஒரு கயிற்றை முடிச்சிட்டு ஏற்றிக்கொண்டே வந்தால் இரண்டு கயிறும் உச்சியில் சேரும். அங்கே ஒரே ஆணி. குச்சிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால்தான் மரம் என்று கண் ஒப்புக்கொள்ளும். சீரியல் லைட்டைக் குச்சிகளின் பின்னால் வளைத்து விட்டால் ஒயர் தெரியாது, சுவரில் ஒளி பரவும்.

ஏணி மரம் இன்னும் சுலபம். படிகள் ஏற்கெனவே அடுக்காக இருப்பதால் குடிலைக் கீழ்ப்படிகளுக்கு நடுவிலேயே அமைத்துவிடலாம். புத்தக மரம் படத்தில் நன்றாக இருக்கும், வீட்டில் தொல்லை. வேண்டிய புத்தகம் எப்போதும் அடி அடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

சவுக்குக் கிளை வைப்பவர்கள் அதை ஈர மணல் நிரப்பிய வாளியில் ஊன்றி, மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் பச்சை கொஞ்ச நாள் தாங்கும். அதன் நுனிகள் தளர்வானவை. கண்ணாடி உருண்டை வழுக்கி விழுந்துவிடும். காகிதச் சங்கிலி, பஞ்சு, தெர்மாகோல் நட்சத்திரம், பெயின்ட் அடித்த சவுக்குக் காய் போன்ற எடை குறைந்தவைதான் அதற்கு ஏற்றவை. சவுக்கு நன்றாக எரிகிற விறகு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காய்ந்த கிளையில் ஒரு பொறி போதும். எல்.இ.டி. சரம் மட்டும் போடுங்கள். மெழுகுவத்தியைக் குடில் பக்கமும் கொண்டுவர வேண்டாம், வைக்கோல் கூரை அதைவிட வேகமாகப் பற்றும். இரவு படுக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் பிளாஸ்டிக் மரம் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இயற்கை மரத்துக்கு மாறுவதில் பொருள் இல்லை. அதன் 40 கிலோவும் செலவாகி முடிந்தது. எத்தனை டிசம்பர் அதை வைக்கிறோமோ அத்தனைக்கு நல்லது. இழை உதிர்ந்து மொட்டையான கிளைகளை அடி அடுக்கிலிருந்து உருவிவிட்டு, அந்த இடத்தில் சவுக்கு நுனிகளைக் கம்பியால் கட்டிக்கொள்ளலாம். உருவிய கம்பிகளை வளைத்துச் சேர்த்தால் வாசல் கதவுக்கு ஒரு வளையம் கிடைக்கும்.